உடல் நகல், நினைவு நகல், ஆள் யார்? சைபர்பங்க் கதைகளுக்கு ஓர் அறிமுகம்

முதலில் ஒரு கற்பனைக் கதை. ஆண்டு 2090. ஊர் பள்ளத்தூர். வள்ளியம்மை ஆச்சி, பழைய செட்டிநாட்டு வீடுகளைப் புதுப்பிப்பதில் பேர் வாங்கிய பொறியாளர். எந்தச் சுவரை இடிக்கலாம், எந்த உத்தரத்தில் கை வைக்கக் கூடாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அறுபது வயதில், மகனின் சிகிச்சைக்குப் பெரும் பணம் தேவைப்படுகிறது. வீட்டை அடகு வைக்க வழியில்லை, அதில் பங்காளிகள் பலருக்குப் பங்கு இருக்கிறது. ஆகவே தன் நினைவின் முழு நகலை ஒரு நிறுவனத்திடம் அடகு வைக்கிறார். கடன் தீருமுன் அவர் இறந்துவிட்டால், அவருடைய செல்லிலிருந்து ஓர் உடலை வளர்த்து, அதில் அந்த நினைவை ஏற்றி, கடன் அடையும்வரை வேலை வாங்கிக்கொள்ள நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

78 வயதில் ஆச்சி இறக்கிறார். காரியமெல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்து வீட்டு முகப்பில் ஒரு பெண் வந்து நிற்கிறார். முப்பது வயதுத் தோற்றம், பழைய கல்யாணப் படத்தில் இருக்கும் அதே முகம். பெட்டகத்தின் சாவி எங்கே என்று அவருக்குத் தெரிகிறது. "அவுக எங்கே?" என்று கணவரைக் கேட்கிறார். கணவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. நினைவு பதிவானது அதற்கும் முன்னால் என்பதால் அவருக்கு அது தெரியாது. பத்து வயதுப் பையனாக அவர் நினைவில் இருக்கும் பேரன், இப்போது 28 வயது ஆளாக வாசலில் நிற்கிறான். அவளை 'அப்பத்தா' என்று கூப்பிடுவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

வந்திருப்பது யார்? வீட்டில் ஆச்சிக்கு இருந்த உரிமை இவருக்கு உண்டா? ஆச்சியின் கடன் இவருடைய கடனா? குளோனிங் (உயிரை நகல் எடுப்பது), நினைவு, அடையாளம் ஆகியவற்றைத் தொடும் சைபர்பங்க் கதைகள் எல்லாம் இந்தக் கேள்விகளைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்கின்றன. இந்த வகைக் கதைகளை இதுவரை படித்திராதவர்கள், நம் வட்டாரத்துக் கதையாகவே இதை வைத்துக்கொண்டு பார்த்தால் எளிதாகப் புரியும்.

சைபர்பங்க் என்பது

அறிவியல் புனைகதையின் ஒரு கிளை. பெயர், புரூஸ் பெத்கே என்ற அமெரிக்கர் 1980இல் எழுதி 1983இல் அச்சில் வந்த ஒரு சிறுகதையின் தலைப்பு. அடுத்த ஆண்டே வந்த வில்லியம் கிப்சனின் 'நியூரோமான்சர்' நாவல் இந்த வகைக்கு முகம் கொடுத்தது. அதற்கு முந்தைய அறிவியல் கதைகள் பெரும்பாலும் விண்கலம், வேற்றுக் கிரகம் என்று மேலே பார்த்தன. சைபர்பங்க் தெருவைப் பார்த்தது. தொழில்நுட்பம் எங்கேயோ போய்விட்டது, மனிதர்களின் வாழ்க்கை மட்டும் தேறவில்லை. அரசாங்கத்தை விடப் பெரிய நிறுவனங்கள். உடலுக்குள் பொருத்திய கருவிகள், எல்லாவற்றையும் இணைக்கும் வலைப்பின்னல், அதற்கு நடுவே கடனிலும் வேலையிலும் சிக்கிய சாதாரண ஆள். இந்த நாலும் சேர்ந்தால் சைபர்பங்க்.

நியான் விளக்கும் இரவு மழையும் இல்லாமல் சைபர்பங்க் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அவை வெறும் அலங்காரம். வெயில் கொளுத்தும் காரைக்குடியிலும் இந்தக் கதை நடக்கும். இங்கே 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அதற்கு நிலமும் பணமும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள், வெளிநாட்டில் இருக்கும் வாரிசுகள், ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள், பக்கத்திலேயே ஆய்வுக்கூடம். இதைவிடப் பொருத்தமான களம் வேறு எங்கே கிடைக்கும்?

இனி நம் கதையைப் பிரித்துப் பார்ப்போம். வந்திருப்பவரிடம் இரண்டு நகல்கள் இருக்கின்றன: ஒன்று உடலின் நகல், இன்னொன்று நினைவின் நகல். இரண்டும் முற்றிலும் வேறு தொழில்நுட்பங்கள். ஒன்று பாதி உண்மையாகிவிட்டது. மற்றது இன்னும் கற்பனை.

உடலின் நகல்

குளோனிங்கின் அடிப்படை இதுதான். ஒரு கருமுட்டையின் உட்கருவை எடுத்துவிட்டு, நகல் எடுக்க வேண்டிய உயிரின் உடல் செல்லில் உள்ள உட்கருவை அதில் வைக்கிறார்கள். அது கருவாக வளரத் தொடங்கினால் ஒரு வாடகைத் தாயின் கருப்பையில் வைக்கிறார்கள். ஸ்காட்லாந்தின் ராஸ்லின் நிறுவனத்தில் 1996 ஜூலை 5 அன்று பிறந்த டாலி ஆடு இப்படி வந்ததுதான். வளர்ந்த விலங்கின் செல்லிலிருந்து பிறந்த முதல் பாலூட்டி அது. அதற்காக 277 கருமுட்டைகளில் இப்படிச் செய்தார்கள். 29 கருக்கள் தேறின. பிறந்தது ஒரே ஒரு குட்டி. நம் நாட்டில் ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனம் 2009இல் எருமைக் கன்றைக் குளோன் செய்தது. மனிதரை இப்படிப் பிறப்பிப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிமுறைகள் தடை செய்கின்றன.

இங்கே ஆரம்ப வாசகர் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. குளோன் குழந்தையாகத்தான் பிறக்கும். டாலி பிறந்தபோது ஆட்டுக்குட்டிதான், ஆறு வயது ஆடு இல்லை. முப்பது வயது உடல் வேண்டுமென்றால் முப்பது வருடம் காத்திருக்க வேண்டும். கதைகளில் வரும் கண்ணாடித் தொட்டியும் அதற்குள் சில வாரத்தில் வளர்ந்துவிடும் உடலும் எழுத்தாளர் எடுத்துக்கொள்ளும் சுதந்திரம்.

அப்புறம், நகல் என்றாலும் அச்சு அசலாக இருக்காது. 2001 டிசம்பரில் அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் முதல் குளோன் பூனை பிறந்தது. செல் கொடுத்த பூனைக்கு மூன்று நிறம். குட்டிக்கு அதில் ஆரஞ்சு நிறமே இல்லை. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று மட்டுமே வேலை செய்யும். எடுத்த செல்லில் ஆரஞ்சுக்கான குரோமோசோம் அடங்கிக் கிடந்தது. ஒரே டி.என்.ஏ., ஆனால் வேறு தோற்றம்.

கைரேகையும் அப்படித்தான். கருப்பைக்குள் கரு வளரும் சூழலைப் பொறுத்து ரேகை அமைவதால், ஒரே டி.என்.ஏ. உள்ள இரட்டையருக்கும் ரேகை வேறு வேறு. கண்ணின் கருவிழி அமைப்பும் வேறு. நம் ஆதார் பத்து விரல் ரேகைகளையும் இரண்டு கருவிழிகளையும் பதிந்து வைத்திருக்கிறது. ஆகவே பள்ளத்தூர் வாசலில் நிற்கும் பெண்ணை சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் விரல் வைக்கச் சொன்னால், இவர் வள்ளியம்மை இல்லை என்றுதான் இயந்திரம் சொல்லும். அவரோ தன் பத்திரப் பதிவு நாளை நிமிஷம் நிமிஷமாகச் சொல்வார். நல்ல சைபர்பங்க் கதை, இப்படிப்பட்ட சின்ன அலுவலக மேசையில்தான் பிடி இறுகும்.

என்னை மிகவும் தொந்தரவு செய்யும் கேள்வி இன்னொன்று. அந்த உடலுக்குள் ஏற்கெனவே யார் இருந்தார்? மூளை காலிப் பாத்திரமாக வளர்வதில்லை. பார்த்தும் கேட்டும் தொட்டும்தான் அது மூளையாகவே உருவாகிறது. பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த முதல் இரண்டு மூன்று மாதங்கள் மூடி வைத்தால், பிறகு திறந்தாலும் அந்தக் கண்ணால் அதற்குச் சரியாகப் பார்க்க வராது என்று 1960களில் ஹியூபல், வீசல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிற்பாடு நோபல் பரிசு பெற்ற ஆய்வு அது. சரி, அப்படியானால் முப்பது வயதுக்குரிய, நினைவை வாங்கிக்கொள்ளக்கூடிய மூளை ஒன்று இருக்கிறது என்றால், அது எதையாவது அனுபவித்துத்தான் வளர்ந்திருக்க வேண்டும். அந்த அனுபவங்களை உடைய பெண் ஒருத்தி அங்கே இருந்திருக்கிறாள். அவளுக்குப் பெயர் கூட யாரும் வைத்திருக்க மாட்டார்கள். ஆச்சியின் நினைவை ஏற்றிய நிமிஷத்தில் அவள் அழிந்தாள். ஆச்சி திரும்பி வந்தாரா என்று எல்லோரும் விவாதிக்கும் கதையில், அந்தப் பெண்ணுக்காகக் கேட்க ஒருவரும் இல்லை. இந்த வகைக் கதை எதைப் படித்தாலும் இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். பல கதைகளில் இது ஒரு வரிகூட வராது.

நினைவின் நகல்

இது கடினமான பகுதி. நினைவு மூளையில் எங்கே, எப்படி இருக்கிறது?

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் உண்டு. ஒவ்வொன்றும் பல ஆயிரம் மற்ற செல்களுடன் சினாப்ஸ் எனப்படும் இணைப்புகள் வழியாகத் தொடர்பு வைத்திருக்கிறது. ஒன்றைக் கற்கும்போது சில இணைப்புகள் வலுப்படுகின்றன, சில தளர்கின்றன. அந்த மாற்றங்களின் மொத்த அமைப்புதான் நினைவு. ஆகவே நகல் எடுப்பது என்றால் அத்தனை இணைப்புகளையும் அவற்றின் வலுவையும் படிக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் என்ற புழுவுக்கு 302 நரம்பு செல்கள். அதன் இணைப்பு வரைபடம் 1986இல் வெளியானது. வளர்ந்த பழ ஈயின் முழு மூளை வரைபடம் 2024இல் வந்தது. அதில் ஏறத்தாழ 1,40,000 செல்கள். இவ்விரண்டு வரைபடங்களும் இறந்த உயிரின் மூளையை மெல்லிய துண்டுகளாகச் சீவி எடுத்தவை. ஆச்சியைப் போல் பதிவு முடிந்ததும் எழுந்து காப்பி குடிக்கப் போவது இன்றைய அறிவியலில் இல்லை.

அளவு மட்டும் பிரச்சினை என்றால் காலம் தீர்த்துவிடும் என்று சொல்லலாம். அதைவிட ஆழமான சிக்கல், நினைவு ஒரு பதிவு மாதிரி நிலையாக இருப்பதில்லை என்பது. எலிகளில் 2000ஆம் ஆண்டு வெளியான ஒரு சோதனையில், பழைய பயம் ஒன்றை நினைவுக்குக் கொண்டுவந்தவுடன் அது மறுபடி இளகுவதும், மீண்டும் உறைய மூளை புதுப் புரதம் தயாரிக்க வேண்டியிருப்பதும் தெரியவந்தது. அந்த நேரத்தில் புரதத்தைத் தடுத்தால் நினைவு தளர்ந்துபோகிறது. நினைக்கும்போதெல்லாம் நாம் நினைவை மறுபடி கட்டுகிறோம்.

கட்டும்போது புதிதாக எதையும் சேர்க்கலாம். எலிசபெத் லாஃப்டஸ் என்ற உளவியலாளர் 1995இல் வெளியிட்ட ஆய்வில் 24 பேரிடம், சின்ன வயதில் நீங்கள் ஒரு வணிக வளாகத்தில் தொலைந்து போனீர்கள் என்று உறவினர் சொன்னதாக ஒரு பொய்ச் சம்பவத்தைக் கொடுத்தார். சுமார் கால்வாசிப் பேர் முழுவதுமாகவோ பாதியாகவோ அது 'நினைவில் இருக்கிறது' என்றார்கள். பிள்ளையார்பட்டி சதுர்த்தித் திருவிழாக் கூட்டத்தில் நான்கு வயதில் தொலைந்து போனாய் என்று உங்கள் அப்பச்சி உறுதியாகச் சொன்னால், அழுததும் யாரோ கொழுக்கட்டை கொடுத்ததும் உங்களுக்கும் நினைவுக்கு வரக்கூடும். 2013இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சுசுமு டோனேகவாவின் குழு இதை எலி மூளைக்குள்ளேயே செய்தது. ஒரு பெட்டியில் எலி உலவியபோது இயங்கிய செல்களைக் குறித்துவைத்து, வேறு பெட்டியில் அதே செல்களை ஒளியால் தூண்டியபடி காலில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். பிறகு முதல் பெட்டியில் விட்டபோது, அங்கே எந்தக் கெடுதலும் நடந்திராத எலி பயந்து உறைந்து நின்றது.

இதை நம் கதையில் வையுங்கள். நினைவு நகல் பதினெட்டு வருடம் நிறுவனத்தின் கையில் இருந்தது. வந்திருப்பவர், 'நானே விரும்பிக் கையெழுத்துப் போட்டேன், நன்றாக நினைவிருக்கிறது' என்கிறார். அந்த நினைவை வைத்தது யார்? உள்ளேயிருந்து பார்த்து அவரால் கண்டுபிடிக்க முடியாது. பொய் நினைவும் உண்மை நினைவும் உள்ளே ஒரே மாதிரிதான் தெரியும். 1982இல் வந்த 'பிளேடு ரன்னர்' படத்தில், தன் குழந்தைப்பருவம் வேறொரு பெண்ணின் நினைவிலிருந்து எடுக்கப்பட்டது என்று ஒரு பெண் தெரிந்துகொள்வாள். உலகம் முழுக்க அந்தக் காட்சி மறக்கப்படாமல் இருப்பதற்குக் காரணம் நம் எல்லோருக்கும் உள்ள இந்தப் பலவீனம்தான்.

நினைவு போனால் ஆளும் போய்விடுவாரா? ஹென்ரி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953இல் வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்து மூளையின் இருபக்க ஹிப்போகேம்பஸ் பகுதியை எடுத்தார்கள். அதன்பின் 2008இல் இறக்கும்வரை நடந்த எதையும் அவரால் நினைவில் நிறுத்த முடியவில்லை. பல்லாண்டு பழகிய ஆய்வாளரையும் ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் பார்த்தார். ஆனால் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் கை தேர்ந்தது, முன்பு வரைந்ததே நினைவில்லாமல். அவருடைய மரியாதையும் பொறுமையும் மாறவில்லை என்று அவரை அறிந்தவர்கள் சொன்னார்கள். நினைவின் ஒரு வகை போனபின்னும் அந்த மனிதர் அங்கே இருந்தார்.

'நியூரோமான்சர்' நாவலில் இதற்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கிறது. இறந்துபோன ஒரு கணினித் திருடனின் மனம் மாற்ற முடியாத பதிவாக வைக்கப்பட்டிருக்கும். பேசும், கிண்டல் செய்யும், வேலையும் செய்யும். அணைத்துப் போட்டால் முந்தைய பேச்சு நினைவிருக்காது. அது கதாநாயகனிடம் கேட்பது ஒன்றே ஒன்று: வேலை முடிந்ததும் என்னை அழித்துவிடு. மொலைசனிடம் நினைவு நிற்கவில்லை, ஆள் இருந்தார். இங்கே நினைவெல்லாம் இருக்கிறது, ஆனால் ஆளாக இருக்க அதற்கே விருப்பமில்லை.

இரண்டு பேர் வந்து நின்றால்

நினைவுதான் ஆள் என்ற கருத்துக்குப் பின்னால் பழைய தத்துவ வாதம் ஒன்று உண்டு. ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக் 1694இல், ஓர் இளவரசனின் உணர்வு அவன் நினைவுகளோடு ஒரு செருப்புத் தைப்பவரின் உடலுக்குள் போனால் அங்கே இருப்பது இளவரசன்தான் என்று எழுதினார். தாமஸ் ரீட் என்ற இன்னொரு தத்துவவாதி அதை 1785இல் மடக்கினார். சின்ன வயதில் அடி வாங்கியதை இளம் அதிகாரியாக இருந்தபோது ஒருவர் நினைவு வைத்திருந்தார். வயதான தளபதியானபோது அதிகாரியாக இருந்தது நினைவிருக்கிறது, அடி வாங்கியது மறந்துவிட்டது. லாக் சொல்வதை அப்படியே எடுத்தால் தளபதியும் அதிகாரியும் ஒருவர், அதிகாரியும் சிறுவனும் ஒருவர், ஆனால் தளபதியும் சிறுவனும் வேறு வேறு ஆட்கள். இது எப்படிப் பொருந்தும்?

நகல் என்று வந்துவிட்டால் இன்னும் மோசம். நிறுவனம் ஒரே பதிவிலிருந்து இரண்டு வள்ளியம்மைகளை உருவாக்கி, ஒருவரைப் பள்ளத்தூருக்கும் மற்றவரைச் சிங்கப்பூருக்கும் அனுப்பினால்? இருவருக்கும் ஒரே கல்யாணம் நினைவில் இருக்கிறது. இருவரும் ஆச்சி என்றால் அவர்கள் இருவரும் ஒரே ஆளாக வேண்டும். ஆனால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவருக்குத் தெரியாது. தத்துவவாதி டெரக் பார்ஃபிட் 1984இல் எழுதிய புத்தகத்தில் இதற்குச் சொன்ன பதில் பலருக்கு அதிர்ச்சி தரும்: 'அதே ஆள்தானா' என்ற கேள்வியே முக்கியமில்லை, மனத்தொடர்ச்சி எவ்வளவு இருக்கிறது என்பதுதான் முக்கியம், அது கூடலாம் குறையலாம். எனக்கு இது பாதிதான் சரி என்று படுகிறது. ஆள் யார் என்பது பார்ஃபிட்டுக்கு முக்கியமில்லாமல் இருக்கலாம். வாசலில் நிற்கும் பேரனுக்கு முக்கியம்.

ஊர் சொன்னால்தான் ஆள்

இந்த இடத்தில் நம்மிடம் மிகப் பழைய கதை ஒன்று இருக்கிறது. சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லும் திருமூலர் வரலாறு. கயிலையிலிருந்து வந்த யோகி ஒருவர் சாத்தனூரில் மூலன் என்ற இடையன் இறந்து கிடப்பதையும் பசுக்கள் சுற்றி நின்று கதறுவதையும் பார்க்கிறார். தன் உடலைப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடலில் புகுகிறார். மாடுகள் மகிழ்ந்து வீடு திரும்புகின்றன. மூலனின் மனைவி அவரைக் கூப்பிடுகிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார் அவர். மறுநாள் அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் வந்து, யோகத்தில் அமர்ந்திருப்பவரைப் பார்த்து, இவர் இனி உனக்கானவர் இல்லை என்று அவளிடம் சொல்கிறார்கள். அவர் திரும்பிப் போய்த் தேடும்போது தம் பழைய உடல் அங்கே இல்லை.

உடல் மூலனுடையது, உள்ளே இருப்பவர் வேறு. மாடுகள் உடலைப் பார்த்து ஏற்றுக்கொண்டன. ஊரார் உள்ளிருப்பவரைப் பார்த்து முடிவு சொன்னார்கள். முடிவு சொல்ல ஓர் அவை தேவைப்பட்டது என்பதுதான் நான் இதில் கவனிப்பது. பக்திக் கதையாக எத்தனையோ முறை கேட்டிருந்தாலும், அந்த மனைவியின் இடத்தில் நின்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

செட்டிநாட்டில் அவை கூடி ஆளை முடிவு செய்வது புதிதில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளை கூட்டிக்கொள்வார்கள். அதே கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டுப் பையன், உறவினர் கூடிய சபையில் இன்னொரு வீட்டின் மகனாகிறான். அன்றிலிருந்து அவன் விலாசம் மாறுகிறது, சொத்துரிமை மாறுகிறது, கொள்ளி வைக்கும் கடமை மாறுகிறது. அவன் டி.என்.ஏ.யும் மாறவில்லை, நினைவும் மாறவில்லை. பத்து வயதுவரை வேறொரு ஆத்தாவின் மடியில் இருந்தது அவனுக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் அவன் இப்போது இந்த வீட்டு மகன்தான், யாரும் அதைப் பொய் என்று சொல்வதில்லை.

மேற்கத்திய சைபர்பங்க் கதைகள் பெரும்பாலும் தனி மனிதனின் தலைக்குள்ளேயே விடை தேடுகின்றன. கண்ணாடி முன் நின்று 'நான் யார்' என்று கேட்கும் பாத்திரங்கள் அவற்றில் ஏராளம். நம் கதையில் வந்தவருக்கு அதைக் கேட்க நேரமே இருக்காது. வளவில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் பங்காளிகள் கேட்பார்கள், மருமகள் கேட்பாள், கோயில் கணக்குப் பார்ப்பவர் கேட்பார். இவரை ஆச்சியாக ஏற்க வேண்டுமா, புதிதாக வந்த பெண்ணாக ஏற்க வேண்டுமா? பிள்ளை கூட்டுவது போல இவரையும் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ள ஒரு முறையை உண்டாக்கலாமே என்று யாராவது ஒரு பெரியவர் சொல்லக்கூடும். ஆச்சியாக இல்லாமல், ஆச்சியை நன்கு அறிந்த ஒரு மகளாக. இந்த மூன்றாவது வழி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம்மவர்கள் யாராவது இதை எழுத வேண்டும்.

அடகுச் சீட்டு யாரிடம்

ஆனால் ஊர் என்ன முடிவு செய்தாலும் ஒப்பந்தம் நிறுவனத்திடம் இருக்கிறது. சைபர்பங்க் மற்ற அறிவியல் கதைகளிலிருந்து பிரிவது இங்கேதான். 'இவர் யார்' என்பதை நினைவும் உடலும் ஊரும் சேர்ந்துகூட முடிவு செய்ய முடியாமல், கடன் கொடுத்தவரின் கணக்கு முடிவு செய்துவிடுகிறது. நிறுவனத்துக்கு இவர் ஆச்சியாகவும் இருக்க வேண்டும், ஆச்சியாக இல்லாமலும் இருக்க வேண்டும். கடனுக்கு ஆச்சி, சொத்துரிமைக்கு யாரோ.

கடன் கணக்கின் பலம் என்னவென்று இந்த ஊர்களுக்குத் தெரியும். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மாவில் நடத்திய லேவாதேவி, நெல் விவசாயிகளுக்கு நிலத்தின் பேரில் கொடுத்த கடன். 1930களின் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது. விவசாயிகளால் திருப்பிக் கட்ட முடியவில்லை. அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு விளைநிலம் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. கடன் கொடுத்தவர்களுக்குப் பெரும்பாலும் வேண்டியிருந்தது நிலம் இல்லை, பணம்தான். பிறகு 1942இல் ஜப்பானியப் படை வந்தபோது அதையும் விட்டுவிட்டுக் கிளம்ப நேர்ந்தது. அந்தப் பணத்தில் வந்த தேக்குத் தூண்கள்தான் இன்றும் நம் வீட்டுப் பட்டாலைகளில் நிற்கின்றன. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் பக்கம் இருந்து இதைப் பார்க்கத் தெரிந்தால், நினைவை அடகு வைத்தவரின் கதையும் தானாகப் புரியும். சைபர்பங்க் எப்போதும் அடகு வைத்தவர் பக்கத்துக் கதை.

இன்றைக்கே நடப்பது

முழு நினைவு நகல் நம் காலத்தில் வராது. ஆனால் அதன் ஒரு சிறு துண்டு வந்துவிட்டது. சில நொடிக் குரல் பதிவு இருந்தாலே, அந்தக் குரலில் எதை வேண்டுமானாலும் பேச வைக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. இறந்தவரின் குறுஞ்செய்திகளைக் கொடுத்து, அவர் பாணியில் பதில் எழுதும் உரையாடல் செயலிகளும் வந்துவிட்டன. சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் பிள்ளைகள் இருக்கும் எத்தனையோ வீடுகளில், ஆயாவின் குரல் வாட்சப்பில் நூற்றுக்கணக்கான பதிவுகளாகக் கிடக்கிறது. ஒருவர் அதைப் பேச வைக்க ஆசைப்படலாம், இன்னொருவருக்கு அது தாங்க முடியாததாக இருக்கலாம். ஆயாவைக் கேட்டவர் யாரும் இல்லை.

இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023, நாம் இறந்தபின் நம் தரவு மீதான உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமித்து வைக்கலாம் என்று பிரிவு 14இல் சொல்கிறது. வங்கிக் கணக்குக்கு நாமினி போடுகிற மாதிரிதான். குரலுக்கும் படங்களுக்கும் அப்படி யாரை வைப்பது என்று யோசிப்பதும், 'என் குரலில் நான் சொல்லாததைப் பேச வைக்கலாம்' அல்லது 'வைக்கக் கூடாது' என்று வீட்டில் தெளிவாகச் சொல்லி, ஒரு தாளில் எழுதியும் வைப்பதும் இப்போதே செய்யக்கூடியவை. அடுத்த முறை பிள்ளைகள் ஊருக்கு வரும்போது இதைப் பேசிவிடுங்கள்.